கார்டா, பாலிசியா, ஈ.எஸ்.ஐ.யா? சேலத்துக் குடும்பத்துக்கு எது சரிவரும்

நாலு ரோடு பக்கம் பதினேழு வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மாத்திரையை வாங்கிக்கொண்டவர்கள் உடனே கிளம்புவதில்லை, நின்று ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அண்ணே, எங்ககிட்ட முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்குதுங்க, அதுக்கு மேல தனியா பாலிசி போடணுங்களா?" என்பார் ஒருவர். "சம்பளத்துல ஈ.எஸ்.ஐ. புடிக்கிறாங்க, அது போதாதா?" என்பார் இன்னொருவர், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டைத்தான் அப்படிச் சொல்கிறார். போன மாதம் என் மாமன் மகனே வந்துவிட்டான். செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான், வேலைக்கு நாலு பேர். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்புறம் என் அத்தை. அத்தைக்கு வயது 68, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. "மச்சான், ஏஜென்ட் ஒருத்தர் தினமும் போன் பண்றாரு, நீ சொல்லு, நான் போடுறேன்" என்றான். அன்றைக்கு ராத்திரி கடையை மூடிவிட்டு அவனுக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

முதலில், அந்தப் புள்ளிவிவரங்கள்

தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறது என்று படித்திருப்பீர்கள். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் அது 66.5 விழுக்காடு, இந்தியச் சராசரி 41. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு கேட்பது "வீட்டில் யாராவது ஒருவருக்காவது காப்பீடு இருக்கிறதா" என்று. 2017–18இல் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று ஆட்களைத் தனித்தனியாக எண்ணியபோது, இந்திய அளவில் கிராமத்தில் சுமார் 14 விழுக்காடு, நகரத்தில் சுமார் 19 விழுக்காடு பேருக்குத்தான் ஏதாவது ஒரு காப்பு இருந்தது. ஒன்று வீட்டை எண்ணுகிறது, மற்றது ஆளை எண்ணுகிறது. இரண்டுக்கும் நடுவே 2018 செப்டம்பரில் மத்திய அரசின் இலவச மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் திட்டமும் வந்துவிட்டது. ஆகவே இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துச் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்: யார் யார் பெயர் அதில் இருக்கிறது?

அதே 75ஆவது சுற்றில் இன்னொரு கணக்கும் உண்டு. பிரசவம் தவிர்த்து, ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தால் ஆகும் சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். ஏழு மடங்கு. எட்டு வருஷத்துக்கு முந்தைய விலை அது, இன்றைக்கு அந்த ரூபாயை நம்ப வேண்டாம், ஆனால் அந்த இடைவெளியை நம்பலாம். "தனியாரிலேயே சராசரி முப்பதாயிரம்தானே, கையிலிருந்தே கட்டிவிடலாம்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். சராசரியில் இரண்டு நாள் காய்ச்சலும் இருக்கிறது, இருபது நாள் ஐ.சி.யூ.வும் இருக்கிறது. காய்ச்சலுக்கு யாரும் வீட்டை அடகு வைப்பதில்லை. காப்பீடு தேவைப்படுவது அந்த இருபது நாளுக்கு.

மூன்றாவது எண், நான் கடையில் தினமும் கண்ணால் பார்ப்பது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து கட்டியது 2013–14இல் 64.2 விழுக்காடு. 2021–22இல் அது 39.4 ஆகக் குறைந்தது. குறைந்தது உண்மை. அது கொரோனாக் காலம், தடுப்பூசிக்கும் சிகிச்சைக்கும் அரசு நிறையச் செலவழித்த வருஷம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படியும் நூற்றுக்கு நாற்பது ரூபாய் கையிலிருந்துதான் போகிறது. இதில் பெரும்பகுதி ஆஸ்பத்திரியில் படுக்காமலேயே ஆகிற செலவு: டாக்டர் பீஸ், ரத்தப் பரிசோதனை, மாதா மாதம் வாங்கும் மாத்திரை. இதற்கு அநேகக் காப்பீடுகள் ஒரு ரூபாய்கூடத் தராது. காப்பீடு எடுத்த பிறகும் "ஒண்ணும் மிச்சம் ஆகலையே" என்று ஜனங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எதை வைத்து ஒப்பிடுவது

"அஞ்சு லட்சமா, பத்து லட்சமா" என்பதைக் கடைசியில் பாருங்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இவை. இது எனக்குக் கிடைக்குமா, வீட்டில் யாரெல்லாம் இதில் வருவார்கள்? படுக்கைச் செலவுக்கு மட்டுமா, மாத்திரைக்கும் உண்டா? ஏற்கனவே இருக்கிற வியாதிக்கு எப்போதிலிருந்து? நாம் போகக்கூடிய ஆஸ்பத்திரியில் செல்லுமா? வேலை போனால், வயதானால், வருமானம் கூடினால் கூடவே இருக்குமா? அப்புறம், ரசீதில் வராத செலவு எவ்வளவு?

| வழி | யாருக்கு | மாத்திரை, வெளிநோயாளி செலவு | பழைய வியாதி | எப்போது கைவிடும் |
|---|---|---|---|---|
| முதலமைச்சர் காப்பீடு | குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் | பெரும்பாலும் இல்லை | முதல் நாளிலிருந்து | பட்டியலில் இல்லாத சிகிச்சை |
| ஈ.எஸ்.ஐ. | மாதச் சம்பளம் 21,000 வரை, பதிவான நிறுவனம் | உண்டு | முன்பே இருந்ததா என்ற கேள்வியே இல்லை | வேலை மாறினால், சம்பளம் கூடினால் |
| கம்பெனி குழுக் காப்பீடு | அங்கே வேலையில் இருப்பவர் | அபூர்வம் | பெரும்பாலும் உடனே | வேலையை விட்ட அன்று |
| தனிப் பாலிசி | பிரீமியம் கட்ட முடிந்தவர் | பெரும்பாலும் இல்லை | அதிகபட்சம் 36 மாதம் காத்திருப்பு | பிரீமியம் கட்டாவிட்டால், வியாதியை மறைத்திருந்தால் |
| சேமிப்பு மட்டும் | எல்லோரும் | உண்டு | உண்டு | பெரிய பில் வந்தால் |

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இப்போதைய பெயரில் விரிவானது. 2018இல் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை, பிரீமியத்தை அரசு கட்டுகிறது, காத்திருப்புக் காலம் கிடையாது. தகுதி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வாங்கி வையுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் போதும்.

நம் பெரியாஸ்பத்திரி, அதாவது மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்த அட்டை செல்லும். பலர் "அரசு ஆஸ்பத்திரியில சும்மாதானே பாக்குறாங்க, கார்டு எதுக்கு" என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். அங்கேயும் அட்டையைக் கொடுங்கள். உங்கள் சிகிச்சைக்கான பணம் காப்பீட்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேரும்.

குறை எங்கே வருகிறது? இது பட்டியல் போட்ட திட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் பட்டியலில் உண்டு, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று தொகை உண்டு, முன் அனுமதி வேண்டும். எல்லாத் தனியார் ஆஸ்பத்திரியும் இதில் இல்லை. இருக்கிற ஆஸ்பத்திரியும் எல்லாச் சிகிச்சைக்கும் அனுமதி பெற்றிருக்காது. எலும்புக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. ஆகவே அட்டை வாங்கிய கையோடு, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் எதற்குச் செல்லும் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். ரசீதில் வராத செலவு, கூட இருப்பவரின் கூலி. தறிக் குடும்பத்தில் ஒருவர் படுத்தால் இன்னொருவர் துணைக்குப் போவார், இரண்டு பேர் கூலியும் நின்றுபோகும். அதற்கு அட்டையில் இடம் இல்லை.

ஏற்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். நாகலூர், வெள்ளக்கடை பக்கத்திலிருந்து என் கடைக்கு வருகிறவர்கள் மருந்துக்கு ஆகும் செலவைவிட வண்டிச் செலவைத்தான் அதிகம் சொல்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அவசரத்துக்கு 108 இருக்கிறது, ஆனால் திரும்பிப் போகவும், மறுபடி மறுபடி காட்ட வரவும் சொந்தக் காசு. காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தோட்ட நிர்வாகமே மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1951ஆம் வருஷத்துச் சட்டமே சொன்னது. ஆனால் அது 5 ஹெக்டேரோ அதற்கு மேலோ இருந்து, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்துக்கு. சின்னத் தோட்டத்தில் நாள்கூலிக்குப் போகிறவருக்கு இந்த அட்டைதான் ஒரே பெரிய துணை. அதோடு கையில் ஐயாயிரமோ பத்தாயிரமோ வண்டிக்கென்று ஒதுக்கி வைத்தே ஆக வேண்டும்.

ஈ.எஸ்.ஐ.

இதைப் பற்றித்தான் நம் ஊரில் அதிகமாகக் குறை சொல்கிறார்கள், அதே சமயம் இதைத்தான் அதிகமாக வீணடிக்கிறார்கள். மாதம் 15,000 சம்பளம் என்றால் உங்களிடமிருந்து பிடிப்பது 0.75 விழுக்காடு, அதாவது 112 ரூபாய் 50 காசு. முதலாளி கட்டுவது 3.25 விழுக்காடு, 487 ரூபாய் 50 காசு. மொத்தம் மாதம் 600 ரூபாய். இந்த 600 ரூபாய்க்கு வெளிநோயாளி சிகிச்சை உண்டு, மாத்திரை உண்டு, அறுவை சிகிச்சை உண்டு, இத்தனை லட்சம்தான் என்று உச்சவரம்பும் கிடையாது. உங்களைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவும் வருவார்கள். நான் இங்கே சொல்லும் மற்றக் காப்பீடுகள் தராத ஒன்றையும் இது தருகிறது: உடம்பு முடியாமல் வேலைக்குப் போகாத நாளுக்கு, வருஷத்தில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 விழுக்காடு. பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். இவற்றுக்கெல்லாம் குறிப்பிட்ட நாள்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

செலவு வேறு வழியில் வருகிறது. டிஸ்பென்சரிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும், பெரிய சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும், அரை நாள் கூலி போகும். அவசரத்தில் நேராகத் தனியாருக்குப் போய்விட்டு அப்புறம் பணம் கேட்டால் அலைச்சல்தான். மோசமான நிலை எது என்றால், சம்பளத்தில் பிடித்துவிட்டு முதலாளி கட்டாமல் விடுவது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், கம்பெனி பெயர் வேண்டாம், வயிற்று வலியோடு போய் நின்ற பிறகுதான் ஏழு மாதமாகச் சந்தா கட்டவில்லை என்று தெரிந்துகொண்டார். ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றால், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டிவிட்டுக் கணவன் மனைவி இருவரும் சிகிச்சையைத் தொடரலாம். அறுபது வயதுக்கு மேல் இந்த விலைக்கு வேறு எங்கும் கிடைக்காது. வேலையை விடும்போது அந்த எண்ணையும் காகிதங்களையும் தூக்கி எறியாதீர்கள்.

நம் ஊருக்கு இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான் ஈ.எஸ்.ஐ. கட்டாயம். கொலுசுப் பட்டறையில் பாதிக்கு மேல் நாலு பேர், ஆறு பேர். தறிக் கூடமும் அப்படித்தான். ஆசிட்டிலும் புகையிலும் வேலை செய்கிறவர்கள்தான் வெளியே நிற்கிறார்கள். இது எனக்கு ரொம்பவே வருத்தமான விஷயம்.

கம்பெனி தரும் குழுக் காப்பீடு

இருந்தால் நல்லது. பழைய வியாதிக்கும் பெரும்பாலும் உடனே கிடைக்கும், சில இடத்தில் பெற்றோரையும் சேர்ப்பார்கள். ஆனால் அது வேலையோடு கட்டியது. ஐம்பது வயதில் வேலை போய், அப்போது சர்க்கரையும் வந்திருந்தால், புதுப் பாலிசிக்கு முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். வேலையை விடும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. விலகுவதற்கு முன்பே கேளுங்கள்.

தனியாக எடுக்கும் குடும்பப் பாலிசி

அட்டைக்குத் தகுதி இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, பெரிய பில்லைத் தாங்கவும் முடியாது. இப்படி நடுவில் விடுபட்டவர்கள் நாட்டில் 30 விழுக்காடு, அதாவது சுமார் 40 கோடிப் பேர் என்று மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021இல் ஓர் அறிக்கையில் சொன்னது. என் மாமன் மகன் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அவனுக்கு இதுதான் வழி. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

என் சித்தப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 3 லட்சம் பாலிசி. பித்தப்பை ஆபரேஷன், கொஞ்சம் சிக்கலாகி நாலு நாள். மொத்த பில் 1,80,000. முழுக்க வந்துவிடும் என்று நினைத்தோம். பாலிசியில் அறை வாடகை வரம்பு ஒரு விழுக்காடு, அதாவது நாளுக்கு 3,000. சித்தி கூடப் படுக்க வசதியாக இருக்கட்டும் என்று நாளுக்கு 6,000 அறை எடுத்திருந்தோம். அறை வாடகை 24,000இல் பாதி போனது. அதோடு நிற்கவில்லை. வரம்பைவிட இரண்டு மடங்கு அறை எடுத்ததால் டாக்டர் பீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்ந்த 96,000த்திலும் பாதிதான் தந்தார்கள். மருந்துக்கான 50,000 முழுசாக வந்தது. கையுறை, பஞ்சு மாதிரியான சாமான் 10,000 வரவே இல்லை. மொத்தம் வந்தது 1,10,000, கையிலிருந்து போனது 70,000. நாலு நாள் அறைக்கு 12,000 கூடுதல் ஆகும் என்று நினைத்தோம், அந்த அறையால் மட்டும் 60,000 போனது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, தொகை கொஞ்சம் குறைந்தாலும் சரி, அறை வாடகை வரம்பு இல்லாததாக எடுங்கள் என்றுதான்.

மற்றவை: எடுத்த முதல் 30 நாள் விபத்து தவிர எதற்கும் கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று மாதிரியானவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷம். ஏற்கனவே இருக்கும் வியாதிக்கு முன்பு நான்கு வருஷம் வரை இருந்தது, 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் மூன்று வருஷம். சர்க்கரை இருப்பதை மறைக்காதீர்கள், ஏஜென்ட் "எழுத வேண்டாம்" என்று சொன்னாலும் எழுதுங்கள். ஐந்து வருஷம் தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்தார் என்று சொல்லித் தள்ள முடியாது. ஆனால் அந்த ஐந்து வருஷத்துக்குள் படுத்தால் அவ்வளவுதான்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளின் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, முன்பு 18 விழுக்காடு இருந்தது. அந்த மிச்சத்தை அப்படியே சூப்பர் டாப்-அப்பில் போடலாம். டாப்-அப் என்பது ஒரு வரம்புக்கு மேல் ஆகும் செலவை மட்டும் தரும் கூடுதல் பாலிசி. சாதா டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. வரம்பு 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை தலா இரண்டரை லட்சம் ஆனால், சாதா டாப்-அப் ஒன்றும் தராது, ஏனென்றால் எந்தப் பில்லும் தனியாக 3 லட்சத்தைத் தாண்டவில்லை. சூப்பர் டாப்-அப் வருஷத்து மொத்தத்தைப் பார்க்கும், 2 லட்சம் தரும். வாங்கும்போது அந்த ஒரு வார்த்தையைக் கவனியுங்கள்.

கிளைமைத் தள்ளிவிட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அதிலும் தீராவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

சேமிப்பு மட்டும் போதுமா

மாதம் 1,500 போட்டால் ஐந்து வருஷத்தில் 90,000, வட்டி தனி. முதல் வருஷத்திலேயே மாரடைப்பு வந்தால் கையில் அதிகபட்சம் 18,000 இருக்கும். அதனால் இதை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரை, பரிசோதனை, வண்டி, துணை இருப்பவரின் கூலி எல்லாவற்றுக்கும் இதைவிட்டால் வேறு வழியும் கிடையாது. எழுபதை நெருங்குகிறவர், வியாதி நிறைய, பிரீமியம் மலைபோல் இருக்கிறது என்றால், அரசு மருத்துவமனையோடு சேர்த்துச் சேமிப்பைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. மருந்துக் கடைக்காரனே சொல்கிறேன், அதை வாங்கிக்கொள்ளுங்கள், மாதம் பல நூறு ரூபாய் மிச்சம். ரோட்டில் விபத்து என்றால் எந்த அட்டையும் தேட வேண்டாம். நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், அதற்கென்று சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, எந்த ஊர்க்காரராக இருந்தாலும், குறித்த தொகை வரை இலவசம்.

மாமன் மகனுக்கு எழுதிக் கொடுத்தது

அவன் வருமானத்துக்கு அட்டை வராது. முதலாளி என்பதால் ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. ஆகவே அவன், மனைவி, பிள்ளைகள் நாலு பேருக்கு மட்டும் 5 லட்சம் குடும்பப் பாலிசி, அறை வரம்பு இல்லாதது. அதற்கு மேல் 5 லட்சத்தில் தொடங்கும் சூப்பர் டாப்-அப். அத்தையை அதில் சேர்க்க வேண்டாம் என்றேன், ஏனென்றால் குடும்பப் பாலிசியில் மூத்தவர் வயதுக்குத்தான் பிரீமியம் போடுவார்கள், நாலு பேர் சுமையும் ஏறிவிடும். அத்தைக்குத் தனியாக மாதம் 2,000 ஆர்.டி. (மாதா மாதம் கட்டும் தொடர் சேமிப்பு), மாத்திரை சுகாதார நிலையத்திலிருந்து, பெரிய சிகிச்சைக்குப் பெரியாஸ்பத்திரி. 70 வயது முடிந்த எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் தருவதாக மத்திய அரசு 2024 அக்டோபரில் திட்டத்தை விரித்திருக்கிறது. அத்தைக்கு இன்னும் இரண்டு வருஷம், அப்போது கலெக்டர் ஆபீஸ் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

"சரி மச்சான், எங்கிட்ட வேலை செய்யுற நாலு பேருக்கு?" என்று அவனே கேட்டான். அந்தக் கேள்வியை அவன் கேட்டது எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஒரு நாள் பட்டறையை மூடிவிட்டு நாலு பேரையும் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போனான். இரண்டு பேரிடம் ஏற்கனவே அட்டை இருந்திருக்கிறது. ஒருவருக்கு வருமானச் சான்று கிடைத்ததும் பதிந்துவிடுவார்கள். பத்தவைக்கும் வேலை செய்கிறவருக்கு மட்டும் நின்றுபோயிருக்கிறது, மூன்று வயது மகளின் பெயர் இன்னும் ரேஷன் கார்டில் ஏறவில்லை. அதற்கு மனுப் போட்டிருக்கிறார்கள்.